ஆஸ்கர் படங்களை வீட்டில் பார்க்கும்போது வரும் கோளாறுகள்: படத்தைத் திட்டும் முன் பார்க்க வேண்டியவை

கிட்டத்தட்ட ஒரு வருஷம் நான் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன். விருதுப் பட்டியலில் வந்த படங்களைப் புது டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன இது, சீரியல் மாதிரி எடுத்து வைத்திருக்கிறார்கள், இதற்கா ஒளிப்பதிவுக்குப் பரிந்துரை" என்று வீட்டில் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் கோளாறு படத்தில் இல்லை, டிவி செட்டிங்ஸில் இருந்த ஒரே ஒரு சுவிட்சில். அதற்கப்புறம் ஒரு படம் சரியில்லை என்று தோன்றினால் முதலில் டிவி, அடுத்து ஸ்பீக்கர், அதற்கடுத்து நான் பார்க்க உட்கார்ந்த நேரம் என்று இவற்றையெல்லாம் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் இயக்குநர் மேல் கோபப்படுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள், வரிசையாகப் படிக்கத் தேவையில்லை.

பட்டியலைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது

எல்லாப் பிரிவையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் யாருக்கும் மலைப்பு வரும். குறும்படங்களே 15, சிறந்த படத்துக்கு 10, அயல்நாட்டுப் படம், ஆவணப்படம், அனிமேஷன் ஒவ்வொன்றுக்கும் 5. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 விழாவில் சிறந்த படத்துக்குப் போட்டியிட்ட பத்துப் படங்களின் நீளத்தையும் கூட்டினால் சுமார் 23 மணி நேரம்தான் வருகிறது. பரிந்துரை வந்தது ஜனவரி 23, விழா மார்ச் 10, நடுவில் 47 நாள். வாரத்துக்கு ஒன்றரைப் படம். ஒரு வெப் தொடரை ஒரு வார இறுதியில் முடித்துவிடுகிற நமக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

எந்தப் படம் அதிகப் பிரிவுகளில் வருகிறதோ அதை முதலில் பாருங்கள். நடிப்புக்கு மட்டும் நான்கு பிரிவுகளில் 20 பரிந்துரைகள் இருக்கின்றன என்றாலும் பாதிக்கு மேல் அதே பத்துப் படங்களுக்குள்தான் சுற்றும், அதனால் ஒரு படம் பார்த்தாலே நாலைந்து கட்டத்தில் டிக் போட்டுவிடலாம். வேலை நாள் இரவுகளைக் குறும்படங்களுக்கு ஒதுக்குங்கள். ஆஸ்கர் விருதைத் தரும் அகாடமியின் விதிப்படி குறும்படம் என்றால் கடைசியில் ஓடும் பெயர்கள் உட்பட 40 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, பதினைந்தையும் சேர்த்தால் அதிகபட்சம் 10 மணி நேரம், நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

எவ்வளவு தேடினாலும் படம் கிடைக்கவில்லை

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு, அதிலும் முதல் காரணம்தான் பலருக்குத் தெரியாது. படம் இன்னும் வெளியே வந்திருக்காது. போட்டிக்குத் தகுதி பெற, பெரும்பாலான பிரிவுகளில், அமெரிக்காவின் ஆறு நகரப் பகுதிகளில் ஏதாவது ஒன்றில் ஏழு நாள் தியேட்டரில் ஓடினால் வாசல் திறந்துவிடும். அதனால் சிறிய படங்கள் டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் ஓடிவிட்டு மறைந்துபோகும், பரிந்துரை கிடைத்த பிறகுதான் நிஜமான வெளியீடு. இப்படிப்பட்ட படத்தை ஜனவரியில் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

இரண்டாவது காரணம் உரிமம். ஒரு நாட்டில் ஒரு தளம் வாங்கியிருக்கும், இன்னொரு நாட்டில் வேறொன்று. ஒவ்வொரு ஆப்பாகத் திறந்து தேடுவதற்குப் பதில் ஜஸ்ட்வாட்ச் மாதிரி ஒரு தேடல் தளத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் எங்கே சந்தாவில் இருக்கிறது, எங்கே வாடகைக்கு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும். பெரும்பாலான புதுப் படங்கள் முதலில் வாடகைக்கு வந்துவிட்டு, பிறகுதான் சந்தாவுக்குள் வரும். சந்தாவில் இல்லை என்றால் எங்கேயும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது காரணம் பெயர். அயல்மொழிப் படத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், சொந்த மொழியில் ஒரு பெயர் இருக்கும், உங்கள் தளம் எதை வைத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. இயக்குநர் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் மாட்டிவிடும்.

குறும்படங்களுக்குப் பணம் கட்டும் முன் யூடியூபைப் பார்த்துவிடுங்கள். நியூயார்க் டைம்ஸின் ஆப்-டாக்ஸ் வரிசையிலும் நியூயார்க்கர் பத்திரிகையின் சேனலிலும் பரிந்துரை பெற்ற படங்கள் முறைப்படி இலவசமாகவே வருவதுண்டு. டெலிகிராமில் சுற்றும் பிரதியைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒலியும் நிறமும் போன ஒரு பிரதியைப் பார்த்துவிட்டு ஒலியமைப்பு விருதைப் பற்றி நாம் சண்டை போடுவது நன்றாக இருக்காது.

இருபது நிமிடம் ஓடிய பிறகுதான் தெரிகிறது, இது வேறு படம்

ஆண்டைப் பாருங்கள். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 1961லும் இருக்கிறது 2021லும் இருக்கிறது, இரண்டுமே சிறந்த படப் பரிந்துரை வாங்கியவை. 'எ ஸ்டார் இஸ் பார்ன்' நான்கு முறை எடுக்கப்பட்டிருக்கிறது: 1937, 1954, 1976, 2018. இன்னொன்று, 2024 ஆஸ்கர் என்றால் 2023இல் வந்த படங்கள். தேடும்போது ஆண்டு ஒன்று தள்ளிப்போய் இருந்தால் அது தப்பு இல்லை, அதுதான் சரி.

எல்லாப் படமும் சீரியல் மாதிரித் தெரிகிறது

இதுதான் என் கதை. சினிமா வினாடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்படுகிறது. டிவி திரையோ வினாடிக்கு 60 அல்லது 120 முறை புதுப்பித்துக்கொள்ளும். நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப, டிவி தானாகவே இல்லாத சட்டகங்களைக் கற்பனை செய்து செருகுகிறது. கிரிக்கெட் பார்க்க அருமையாக இருக்கும். சினிமாவில் அசைவு வழுக்கிக்கொண்டு போகும், நடிகர்கள் செட்டில் நிற்பது அப்பட்டமாகத் தெரியும், இரண்டு வருஷம் உழைத்து எடுத்த காட்சி மத்தியான சீரியல் ஆகிவிடும். பெரும்பாலான டிவிகள் இந்த வசதியைப் போட்டே அனுப்புகின்றன, ஆனால் ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பதால் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. மற்றவற்றில் படம் பற்றிய செட்டிங்ஸில் மோஷன் அல்லது ஸ்மூத் என்ற சொல் வரும் இடத்தைத் தேடுங்கள்.

அணைத்தும் போகவில்லை என்றால் அதற்கும் காரணம் உண்டு, நான் இரண்டாம் முறை ஏமாந்தது இங்கேதான். பல டிவிகளில் இந்த செட்டிங் ஒவ்வொரு பட முறைக்கும் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. சாதாரணப் படம் ஓடும்போது நீங்கள் அணைத்தது, எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதலாகக் காட்டும் வடிவம்) படம் தொடங்கியதும் செல்லாமல் போகலாம். அதனால் எச்டிஆரில் ஒரு படம், அதிலேயே இன்னொரு வகையான டால்பி விஷனில் ஒரு படம் என்று ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டிங்ஸுக்குள் போய் அணையுங்கள். டிவியில் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் வேலை சுலபம், 2019இல் அறிவிக்கப்பட்ட இந்த முறை இந்த மாதிரிச் செருகல்களை எல்லாம் ஒரே அடியாக அணைத்துவிடும். முதல் நாள் நிறம் கொஞ்சம் மஞ்சளாகவும் மந்தமாகவும் தெரியும். இரண்டு படம் பொறுத்துக்கொள்ளுங்கள், கண் பழகிவிடும், அப்புறம் பழைய முறைக்குப் போனால் எல்லோரும் டியூப்லைட் அடியில் நிற்பது மாதிரி நீலமாகத் தெரிவார்கள்.

இருட்டில் யார் யாரைக் கொன்றார் என்றே தெரியவில்லை

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் முறையும், அறை வெளிச்சத்தைப் பார்த்துத் திரையை மங்கலாக்கும் சென்சாரும் போட்டிருக்கிறதா பாருங்கள், இரண்டையும் அணையுங்கள். டால்பி விஷனில் டார்க், பிரைட் என்று இரண்டு முறை இருந்தால், டார்க் என்பது விளக்கை அணைத்த அறைக்கு, பகலில் பிரைட்டுக்கு மாற்றுங்கள். விலை குறைந்த டிவி எச்டிஆர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அதற்கு வேண்டிய வெளிச்சம் திரையில் இருக்காது, அப்போது ஸ்ட்ரீமிங் பெட்டியின் செட்டிங்ஸில் எச்டிஆரையே நிறுத்திவிட்டால் சாதாரண முறையில் படம் தெளிவாகத் தெரியும். இது எல்லாம் செய்த பிறகும் ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் ஒரு செட்டிங்கும் உதவாது. திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

4கேவுக்குப் பணம் கட்டுகிறேன், படம் மங்கலாக இருக்கிறது

எதில் பார்க்கிறீர்கள்? லேப்டாப் பிரவுசர் என்றால் பல தளங்கள் அதற்குக் குறைந்த தரம்தான் கொடுக்கும், எந்த பிரவுசர் என்பதைப் பொறுத்து மாறும். போன் என்றால், திருட்டுப் பதிவைத் தடுக்கும் வைட்வைன் என்ற பாதுகாப்பு ஆண்ட்ராய்டு போன்களில் எல்1, எல்3 என்று நிலைகளில் இருக்கிறது, உங்கள் போன் எல்3 என்றால் எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும் பெரும்பாலும் எச்டி வராது. டிவி என்றால் சந்தாத் திட்டத்தைப் பாருங்கள், நெட்ஃப்ளிக்ஸில் 4கே மேல்தட்டுத் திட்டத்தில் மட்டும்தான். வேறு கருவியில் மங்கலாக இருந்தால் அதே ஆப்பை டிவிக்குள்ளேயே திறந்து பார்ப்பது ஒரு நல்ல சோதனை.

சத்தம் வருகிறது, திரை கருப்பு

லேப்டாப்பில் இருந்து கேபிள் வழியாகப் பெரிய திரைக்குக் கொண்டுபோகும்போது வருவது இது. எச்டிசிபி என்று ஒரு பாதுகாப்புக் கைகுலுக்கல் உண்டு, படம் அனுப்பும் கருவியில் இருந்து திரை வரை நடுவில் இருக்கும் ஒவ்வொன்றும் அதை ஒத்துக்கொள்ள வேண்டும், 4கேவுக்கு அதன் 2.2 பதிப்பு தேவைப்படும். நடுவில் இருக்கும் பழைய ஸ்ப்ளிட்டரோ அடாப்டரோ ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கருப்புதான். நடுவில் இருப்பதைக் கழற்றிவிட்டு நேராகச் செருகிப் பாருங்கள். வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்து நண்பரோடு சேர்ந்து பார்க்க முயன்றால் கருப்பாக வருவதும் இதே மாதிரிப் பாதுகாப்பால்தான், அதற்கு மருந்து கிடையாது. ஆளுக்கொரு இடத்தில் ஒரே நேரத்தில் ப்ளே அழுத்திவிட்டுப் போனில் பேசிக்கொள்ளுங்கள்.

மேலும் கீழும் கருப்புப் பட்டை

கோளாறு இல்லை, விட்டுவிடுங்கள். டிவி 16:9, படம் அதைவிட அகலம். ஜூம் போட்டு நிரப்பினால் இரண்டு ஓரமும் போகும், சப்டைட்டிலும் பாதி வெட்டுப்படும். பக்கவாட்டில் பட்டை வந்தாலும் அப்படியே. 2020இல் ஒளிப்பதிவுக்குப் பரிந்துரை பெற்ற 'தி லைட்ஹவுஸ்' கிட்டத்தட்ட சதுரம், 1.19:1. அந்த நெருக்கடிதான் படமே, அதை இழுத்து நிரப்பினால் பரிந்துரையின் காரணமே போய்விடும்.

பேச்சு கேட்கவில்லை, சண்டை வந்தால் வீடு அதிர்கிறது

எல்லா வீட்டிலும் ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏற்றி இறக்கிப் பார்க்கும் ஒருவர் இருப்பார். அவருக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

படத்தின் ஒலி பெரும்பாலும் ஐந்து ஸ்பீக்கர், ஒரு அதிர்வு ஸ்பீக்கர் என்று 5.1 கணக்கில் வருகிறது. பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் இருக்கும். உங்களிடம் நடு ஸ்பீக்கர் இல்லை, டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துப் பேசும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள்தான் இருக்கின்றன என்றால், ஆறு ஓடைகளையும் இரண்டில் கலக்கும்போது பேச்சு இசைக்குள் அமுங்கிப்போகிறது. அதனால் முதலில் படத்தின் ஒலி மெனுவைத் திறந்து, ஸ்டீரியோ என்று தனியாக ஒரு தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். அடுத்து, டிவி அல்லது சவுண்ட்பாரில் நைட் மோட் இருக்கும், அது உரத்ததை இறக்கி மெல்லியதை ஏற்றும். வாய்ஸ் என்றோ டயலாக் என்றோ ஒரு முறை இருக்கும், அதையும் போட்டுப் பாருங்கள். பிரைம் வீடியோவில் சில படங்களுக்கு டயலாக் பூஸ்ட் என்று தனித் தடமே உண்டு. டிவியின் சினிமா, சரவுண்ட் போன்ற போலி எஃபெக்டுகள் இருந்தால் அணைத்துவிடுங்கள், இரண்டு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு பத்து இருப்பது மாதிரிக் காட்ட முயன்று பேச்சைத்தான் குழப்பும்.

ஆனால் ஒன்று, நைட் மோட் எல்லாப் படத்துக்கும் மருந்து இல்லை. 2024இல் சிறந்த ஒலிக்கு விருது வாங்கிய 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்' படத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒரு குடும்பம், தோட்டம், விருந்தாளிகள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது வதை முகாம், அதை நாம் பார்ப்பதைவிடக் கேட்கிறோம், தூரத்தில், பேச்சுக்கு அடியில், விடாமல். டிவி ஸ்பீக்கரில் அது ஏதோ இரைச்சலாகக் கரைந்துபோய், "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று தோன்றும். அதை முதல் தடவை டிவி ஸ்பீக்கரில் பார்த்துவிட்டு எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அப்புறம் ஹெட்ஃபோன் போட்டு அரை மணி நேரம் திரும்பப் பார்த்தேன், வயிற்றைப் புரட்டியது. ஒலிப் பிரிவில் பரிந்துரை பெற்ற படம் என்றால் சாதாரண ஹெட்ஃபோனாவது போட்டுக்கொள்ளுங்கள். ஒயர் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது, ஏன் என்றால் அடுத்த கோளாறு.

உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

புளூடூத் ஸ்பீக்கர் என்றால் தாமதம் கூடவே வரும். டிவியின் ஒலி செட்டிங்ஸில் ஆடியோ டிலே அல்லது ஏவி சிங்க் என்று இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். எச்டிஎம்ஐயில் இணைத்த சவுண்ட்பார் என்றால் ஒலி வடிவத்தை பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) என்று மாற்றிப் பார்க்கலாம். ஒரு ஆப்பில் மட்டும் வருகிறது என்றால் அந்த ஆப்பை முழுசாக மூடித் திறந்தாலே போதும்.

சப்டைட்டில் தொல்லை

கதவு கிரீச்சிடுகிறது, இசை உயர்கிறது என்றெல்லாம் எழுத்து வருகிறதா? காது கேளாதோருக்கான சப்டைட்டிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், பட்டியலில் சிசி அல்லது எஸ்டிஎச் என்று போடாத இன்னொன்றுக்கு மாறுங்கள். ஆங்கிலப் படத்தில் நடுவே வேறு மொழி பேசும்போது மட்டும் எழுத்து வரவில்லையா? அந்தப் பகுதிக்கு மட்டும் வரும் சப்டைட்டில் உங்கள் கருவியில் தவறிப்போகிறது, முழு ஆங்கில சப்டைட்டிலையே போட்டுவிடுங்கள். 'அனாடமி ஆஃப் எ ஃபால்' மாதிரி பிரெஞ்சும் ஆங்கிலமும் மாறி மாறி வரும் படத்தில் இது இல்லாமல் ஓட்ட முடியாது, அங்கே எந்த மொழியில் பேசுவது என்பதே கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு சண்டை.

கொரியப் படம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு தொடங்கினால் டப்பிங் தானாக வந்திருக்கிறது, ஒலியை மூல மொழிக்கு மாற்றுங்கள். டப்பிங்கில் பார்க்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், வேகமாகப் படிக்க முடியாதவர்கள் கூட இருந்தால் அதுதான் வழி, ஆனால் நடிப்புக்குப் பரிந்துரை வந்த படத்தில் அந்த நடிகரின் குரலையே எடுத்துவிட்டால் பாதி நடிப்பு போயிற்று. எழுத்து வெள்ளை, பின்னணியும் வெள்ளை என்றால் சப்டைட்டில் தோற்றத்துக்கான செட்டிங்கில் எழுத்துக்குப் பின்னால் ஒரு கருநிழல் வைத்துவிடுங்கள்.

படம் ஓடாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் இணைய வேகம், முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15. இது பெரும்பாலான இணைப்புகளில் இருக்கிறது, டிவி வரை வந்து சேருகிறதா என்பதுதான் கேள்வி. வேகத்தை போனில் ரவுட்டர் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், டிவி இருக்கும் இடத்தில் நின்று பாருங்கள். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும், 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல். ஒயர் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். எதுவும் ஆகவில்லை என்றால் போனிலோ டேப்லெட்டிலோ முன்பே பதிவிறக்கி வையுங்கள்.

பாதியில் தூங்கிவிடுகிறேன், ஐந்து படம் அரைகுறையாக நிற்கிறது

இரவு பத்தரைக்கு மூன்று மணி நேரப் படத்தைத் தொடங்கினால் யாராக இருந்தாலும் தூங்கத்தான் செய்வார்கள். நீளமான படத்தை விடுமுறை நாள் காலையில் போடுங்கள், கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. பிரித்துப் பார்ப்பது பாவம் இல்லை. 215 நிமிடம் ஓடும் 'தி புரூட்டலிஸ்ட்' படத்துக்குள்ளேயே 15 நிமிட இடைவேளை வைத்திருக்கிறார்கள், இயக்குநரே எழுந்து போகச் சொல்கிறார், போங்கள். மற்றவற்றில் ஒரு மணி நேரம் தாண்டி ஒரு காட்சி முடியும் இடத்தில் நிறுத்துங்கள், மறுநாளே தொடருங்கள். மூன்று நாள் விட்டால் யார் யாருக்குத் தம்பி என்று மறந்துபோகும்.

வாடகைப் படம் என்றால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான தளங்களில் தொடங்க 30 நாள் அவகாசம், ஆனால் ஒருமுறை ப்ளே அழுத்திவிட்டால் 48 மணி நேரம்தான். "சும்மா முதல் ஐந்து நிமிடம் பார்ப்போமே" என்று ஞாயிறு இரவு தொட்டால் செவ்வாய் இரவு போய்விடும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் தொடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் எதற்குப் பரிந்துரை என்று புரியவில்லை

எந்தப் பிரிவில் பரிந்துரை என்று பாருங்கள். ஒப்பனைக்கு மட்டும் வந்த படத்தில் திரைக்கதை ஓட்டையாக இருந்தால் அது முரண் இல்லை. அதேபோல் போனில், பஸ்ஸில், இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் பார்த்தீர்களா, நாலு கனமான படங்களை ஒரே வாரத்தில் அடுக்கினீர்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாலாவது மரணப்படுக்கைக் காட்சி எவ்வளவு நன்றாக எடுத்திருந்தாலும் கல்லாகத்தான் உட்கார்ந்திருப்போம், நடுவில் ஒரு அனிமேஷனைச் செருகுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு பிரிவில் இருக்கும் எல்லாப் படத்தையும் பார்த்தால்தான் கடைசிச் சுற்றில் ஓட்டுப் போடலாம் என்ற விதியே அகாடமி உறுப்பினர்களுக்கு 2025இல்தான் வந்தது. உங்களுக்கும் எனக்கும் அந்த விதியும் இல்லை, ஓட்டும் இல்லை.